மூன்று கிடாக்களில் எல்லாம் அருமை

செப்டம்பர் 12, வியாழன்

நடை: வாசலிலிருந்து தபால் பெட்டி வரை, திரும்பி. வலி: சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

இந்த நோட்டைக் கொடுத்தது மருத்துவமனையில் இடுப்பு மூட்டை மாற்றியவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருகிற பெண். "தினமும் எவ்வளவு தூரம் நடந்தீங்க, எங்க வலிச்சுது, எல்லாத்தையும் எழுதணும் ஏவிஸ்" என்றாள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் மேட்டிலும் பள்ளத்திலும் தபால் பை சுமந்தவள், தபால் பெட்டி வரை போய்வந்ததை எழுதிவைக்க வேண்டுமாம். எழுதியாயிற்று. பக்கத்தில் நிறைய இடம் மிச்சம். வீணாக்குவானேன்?

ஊரில் செய்தி இதுதான்: மூன்று கிடா பப்பின் சாரத்தை அவிழ்த்துவிட்டார்கள். புதுப் பலகையும் மாட்டியாயிற்று. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மூன்றும் கிடா. கிட்டப் போய்ப் பார்த்த என் தோழி பெரில், மூன்றும் காது நீண்ட நாய் என்கிறாள்.

இரண்டு வருஷம் மூடிக் கிடந்தது. இந்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் நானும் டிவியும்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று நான் வருத்தப்பட்டதே கிடையாது. பப்பை மூடியபோதுதான் வருத்தப்பட்டேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நோட்டில் எழுதலாம்.

எடுத்து நடத்தப்போவது ரோனா என்று ஹாலிஃபாக்ஸ்காரி. தனி ஆள், சமையலும் அவளே. கட்டடம் நம்ம ஹெய்க்குடையது. மார்ச் கடைசி வரை பார்ப்பானாம். கூட்டம் சேரவில்லையென்றால் உள்ளே சுவர் எழுப்பி நான்கு குடித்தனமாகப் பிரித்துவிடுவானாம்.

செப்டம்பர் 21, சனி

நடை: நெவிலின் காரிலிருந்து பப் வாசல் வரை. இது நடையா என்று கேட்டால் பதில் இல்லை.

இன்று திறப்பு. எத்தனை நன்றாகச் செய்திருக்கிறார்கள்! செருப்பைப் பிடித்து இழுக்கும் அந்தப் பழைய கம்பளத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கடியில் இத்தனை காலமும் கல் தளம் இருந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்? சுவரெல்லாம் வெளிறிய பச்சை. கணப்பைச் சுத்தம் செய்து நிஜ விறகு போட்டிருக்கிறாள். பெண்கள் கழிப்பறையில் வெந்நீர் வருகிறது. அங்கே நின்று இரண்டு முறை கை கழுவினேன்.

ஊரே வந்திருந்தது. ரோனாவுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். பெரிய கைகள், சின்னக் குரல். ஒவ்வொரு மேஜைக்கும் வந்து குனிந்து, "எப்படி இருக்கு? நிஜமாச் சொல்லுங்க" என்று கேட்டாள். வாய் வார்த்தைக்குக் கேட்கிற மாதிரி இல்லை, பதிலுக்காக நின்றாள்.

பீப்பாயிலிருந்து பிடித்த ஏல் பீர் புளித்திருந்தது. லேசாக இல்லை. முதல் வாயிலேயே நாக்கின் ஓரம் சுருங்கிவிட்டது. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற 'பை' பண்டத்தின் மேல் மாவு பொன்னாக வெந்திருந்தது, உள்ளே குழம்பு அடிப்பிடித்த வாசம்.

"அருமை" என்றேன்.

பெரில் "அருமை, கண்ணு" என்றாள். நெவில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷர். அவர் எழுந்து நின்று, "மன்னிக்கணும், இப்படி ஒரு பையை நான் சாப்பிட்டதே இல்லை" என்றார். அதில் பொய் இல்லைதான்.

வெளியே வந்து கார்க் கதவை மூடினதும் பெரில் ஆரம்பித்தாள். "என்னடி அது? வெங்காய ஊறுகாய் ஜாடியைக் கழுவின தண்ணி மாதிரி!"

"அவ கேட்டாளே, சொல்லியிருக்கலாமே?"

"நானா? மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது? ஏன், நீ சொல்ல வேண்டியதுதானே?"

முதல் நாள், பதற்றம், சரியாகிவிடும் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

அக்டோபர் 4, வெள்ளி

நடை: பப் வரை முழுவதும், கைத்தடியுடன். நடுவில் ஒரு முறை மதில்மேல் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்ததும் ரோனா மாடிக்கு ஓடினாள். தன் வீட்டுக் கூடத்திலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிவந்து கணப்புக்குப் பக்கத்தில் போட்டாள். "அந்த உசர ஸ்டூல் உங்களுக்கு ஆகாது. இது இனிமே இங்கதான் கிடக்கும்" என்றாள். நான் கேட்கவில்லை. இடுப்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நடந்து வந்ததைப் பார்த்து அவளே செய்தாள். எனக்காக யாராவது ஒரு நாற்காலியை நகர்த்தி எத்தனை வருஷம் ஆயிற்று?

அதனால்தான் இது இன்னும் கஷ்டம். மீன் பொரித்தது தேவாமிர்தம். ஆனால் கூட வந்த பருப்புச் சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. ஏல் பழையபடி. அவள் வந்து குனிந்து கேட்டாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு "அருமை" என்றேன்.

சூப்பில் கிடந்த பன்றி இறைச்சித் துண்டுகளை பிஸ்கட் என்று பெயருள்ள நெவிலின் நாய்க்கு மேஜைக்கு அடியில் கொடுத்தேன். அந்த நாய்கூட மரியாதைக்குத்தான் தின்றது.

அக்டோபர் 18, வெள்ளி

ஏழு பேர். போன வாரம் பன்னிரண்டு.

ரோனா கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் யாரும் வரலை, ஏவிஸ்? உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"மழை" என்றேன். இந்த ஊரில் எதற்கும் மழையைச் சொல்லலாம், அது மறுத்துப் பேசாது.

பெரிலும் அவள் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து ஊர்ப் பப்புக்குக் காரில் போகிறார்களாம். என்னையும் கூப்பிட்டாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 2, சனி

இரண்டு வாரமாக நானும் போகவில்லை. இடுப்பு என்று சொல்லியனுப்பினேன். இடுப்பு நன்றாக இருக்கிறது.

மத்தியானம் நெவில் கதவைத் தட்டி, கதவைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, மூடி போட்ட கிண்ணம் ஒன்றை நீட்டினார். "ரோனா கொடுத்தாங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு." ஆட்டிறைச்சி, காரட், பார்லி. அதே அடிப்பிடித்த வாசம். மூன்று கரண்டி முயற்சி செய்தேன். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன், பின் வாசலில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எதையோ புதைக்கிறவள் மாதிரி.

பிறகு நல்ல காகிதத்தில் நன்றி அட்டை எழுதினேன். 'அன்புள்ள ரோனா, எவ்வளவு சுவை! ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.' கையெழுத்துப் போட்டபின் அதைத் திரும்பப் படித்தேன். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. உண்மைதான், சாக்கடையைக் கேட்டால் சொல்லும். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் தபால்தலை ஒட்டினேன்.

நவம்பர் 14, வியாழன்

நடை: மருந்துக்கடை வரை, கைத்தடி இல்லாமல்.

மருந்துக்கடையில் ஹெய்க். "கால் எப்படி இருக்கு, ஏவிஸ்?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். "பப்புல அளவெடுக்க ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. நாலு குடித்தனம் தாராளமா வரும். மார்ச் வரைக்கும் பொறுக்கிறேன்னு வாக்கு கொடுத்தேன், அதுக்காகப் பொறுக்கிறேன். நல்ல பொம்பளை. ஆனா யாரும் போக மாட்டேங்கறாங்களே. ஏன்?"

அவனும் மழை என்ற பதிலோடுதான் வீட்டுக்குப் போனான்.

ராத்திரி சாப்பிடும்போது யோசித்தேன். அந்த நான்கு குடித்தனத்தில் ஒன்றில் நானே குடியேறினாலும் வெள்ளிக்கிழமை என்னோடு பேச யார் வருவார்கள்? நாளை கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போகப் போகிறேன். சொல்லிவிடப் போகிறேன். பக்குவமாக.

நவம்பர் 15, வெள்ளி

பக்குவம் ஒன்றும் நடக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குப் போனேன். முன் கதவு பூட்டியிருந்ததால் சமையலறைப் பக்கம் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. அடுப்பின் ஓரத்தில் ஒரு கைத்துணி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. வாசலிலேயே எனக்கு மூக்கு எரிந்தது. ரோனா மூன்றடி தூரத்தில் அடுப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்!

"ரோனா! தீ!" என்று கத்தினேன். திரும்பினாள், பார்த்தாள், துணியைத் தொட்டிக்குள் எறிந்து குழாயைத் திறந்தாள். எல்லாம் நொடியில். பிறகு அப்படியே தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாசனை வரலையா உனக்கு?"

"இல்ல."

"இவ்வளவு புகையுது—"

"இல்ல, ஏவிஸ். எனக்கு வாசனையே தெரியாது. மூணு வருஷமாச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சு. போச்சு, வாசனையையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. இனிப்பு, உப்பு ஏதோ தூரத்துல தெரியும். மத்ததெல்லாம் காகித அட்டையைத் திங்கிற மாதிரிதான்."

அவள் எல்லாவற்றையும் அளந்து, கடிகாரம் பார்த்துச் சமைக்கிறாள். யாரும் கூப்பிடாத நாளில் எல்லாம் சரியாக வருகிறது. நடுவில் போன் அடித்தால் உப்பு போட்டோமா என்பது மறந்து மறுபடி போடுகிறாள். அடிப்பிடித்தால் தெரிவதில்லை. ஏல் பீப்பாயைத் திறந்தால் மூன்று நாள்தான் தாங்கும், மிஞ்சினால் நான்கு. ஆள் வராததால் வாரக்கணக்கில் நிற்கிறது. புளித்துவிட்டதா என்று முகர்ந்து பார்க்க அவளிடம் மூக்கு இல்லை. திறப்பு நாளில் எங்களுக்கு ஊற்றிய பீப்பாய்கூட, வேலையாட்களுக்காகத் திங்கட்கிழமையே திறந்ததாம்.

"அதனாலதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்குறேன்" என்றாள். "நிஜமாச் சொல்லுங்கன்னு. என் நாக்கு நீங்கதானே."

நான் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஏல், பை, சூப்பு, நாய், சாக்கடை. நிறுத்தத் தெரியாமல் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. "எட்டு வாரம்" என்றாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த தக்கைப் பலகையைக் காட்டினாள். அதில் வரிசையாக நன்றி அட்டைகள். பெரிலுடையது, நெவிலுடையது இரண்டு, பாதிரியாருடையது, என்னுடையது. பத்தொன்பது. "இதை நம்பித்தானே தினமும் அடுப்பு மூட்டினேன். ஏதாவது தப்பு இருந்தா ஒருத்தராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். பத்தொன்பது அட்டை, ஏவிஸ்."

"உன் மனசு புண்படக் கூடாதுன்னுதான்—"

"புண்படாமதான் மூடப்போறேன். போயிட்டு வாங்க."

போய்விட்டேன். வீடு வரும்வரை மதிலில் உட்காரவில்லை.

நவம்பர் 16, சனி

நடை: இல்லை. யாரோடும் பேசவில்லை. அந்தப் பெண்ணை மூழ்கடித்தது மழை இல்லை, நாங்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

பத்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ரோனா. கையில் பால்காரரின் கம்பிக் கூடை, அதில் இரண்டு ஜாடி ஏல், மேலே துணி போட்டு மூடி. வணக்கம் கிணக்கம் எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு பீப்பா. எது கெட்டுப்போச்சு, சொல்லுங்க."

குடித்தேன். "இடது கைல இருக்கிறது வினிகர். வலது கை நல்லா இருக்கு."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லா. காலையிலேயே இன்னொரு குவளை கேப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

உட்கார்ந்து அழுதாள். நானும்தான். பிறகு டீ போட்டேன், அவளுக்கு வெந்நீர் மாதிரிதான் இருந்திருக்கும், குடித்தாள். ஏற்பாடு இதுதான்: தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் போய் எல்லாவற்றையும் ருசிபார்ப்பேன். அவள் போட்ட நிபந்தனை இரண்டு. "ஒண்ணு, மூக்கு விஷயம் ஊருக்குத் தெரியக் கூடாது. பாவம்னு பரிதாபப்பட்டு வந்து யாரும் குடிக்க வேண்டாம். ரெண்டு, எங்க கேட்டாலும், யார் முன்னாடி கேட்டாலும், நீங்க நிஜம்தான் சொல்லணும்."

சரி என்றேன். என் வயதில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்கு இதற்குமேல் நன்றி சொல்ல ஒன்றும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

பத்து நாளாக ஒரு குறையும் இல்லை. ஏல் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவு, கசப்பும் இனிப்பும் சரிபாதி. ஆனால் யாருக்குத் தெரியும்? ஒரு தடவை 'அருமை' சொல்லிவிட்டுப் போனவர்கள் சரியாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பி வரமாட்டார்கள். அப்படி வந்தால் முன்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. எங்கள் ஜனத்தை எனக்குத் தெரியும்.

டிசம்பர் 6, வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பாதிரியாரின் பிறந்தநாளுக்காக இருபது பேர் வந்திருந்தார்கள். வராமலிருந்தால் மரியாதையில்லை என்று. குழம்பை ரோனா சாயங்காலம் புதிதாகச் செய்திருந்தாள், நான் பார்க்காதது. தட்டு வந்தது. ஒரு வாய். கடல்.

ரோனா என் மேஜைக்கு வந்தாள். எல்லோரும் கேட்கும்படி, "எப்படி இருக்கு, ஏவிஸ்?" என்றாள்.

"உப்பு" என்றேன். "வாயில வைக்க முடியல."

நான் சட்டையைக் கழற்றி வீசியிருந்தாலும் அப்படி ஒரு அமைதி வந்திருக்காது. கரண்டிகள் நின்றன. நெவில் எழுந்து, "மன்னிக்கணும், அவங்க சார்பா நான்… மன்னிக்கணும்" என்று தடுமாறினார். ரோனா தட்டை எடுத்துக்கொண்டு, "நன்றி, இதோ மாத்திக் கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள். அரை மணியில் எல்லோருக்கும் புதுக் குழம்பு வந்தது. நன்றாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே பெரில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தியா? ஊர விட்டு ஊரு வந்து தனியா கஷ்டப்படுறா. உனக்கு உக்கார நாற்காலி போட்டவடி அவ! வெக்கமா இல்ல?"

"நீதானே ஊறுகாய்த் தண்ணின்னு சொன்ன?"

"கார்ல சொன்னேன்! மூஞ்சிக்கு நேராவா சொன்னேன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரோனாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

பன்னிரண்டு மணிக்குப் போனபோது ரோனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நேத்து மத்தியானம் எத்தனை பேருன்னு சொல்லுங்க பாக்கலாம். முப்பத்தி நாலு! சனிக்கிழமை நாப்பது!"

"எதுக்கு?"

"உங்களைத் திட்டத்தான். ஒவ்வொருத்தரும் வந்து என் கையைப் பிடிச்சு, 'அந்தம்மா சொன்னதை மனசுல வச்சுக்காத கண்ணு'ன்னு சொல்லிட்டு, குவளை குவளையா குடிச்சிட்டுப் போறாங்க. ஒரு பீப்பா ரெண்டு நாள்ல காலி! புளிக்கவே நேரமில்ல!"

இரண்டு பேரும் சமையலறையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்ல ஏல் இருக்கிறது என்றால் வராத ஜனம், ஒரு பெண்ணை ஒருத்தி அவமானப்படுத்திவிட்டாள் என்றால் ஆதரவு காட்ட ஓடி வருகிறது. வந்தவர்களுக்கு ஏல் பிடித்துவிட்டது. அடுத்த வாரமும் வருவார்கள்.

"நான் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். "உங்க பேரு கெடுது."

"வாயைத் திறக்காத. மார்ச் வரைக்கும் திட்டட்டும்."

எளிதாகச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸ் அட்டைகள் இந்த வருஷம் ஒன்பது. தபால்காரியாக இருந்தவள், எனக்கு எப்போதும் அறுபதுக்குக் குறைந்ததில்லை. பெரிலிடமிருந்து வரவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் முறை.

சாயங்காலம் பப் நிறைந்து வழிந்தது. கணப்புக்குப் பக்கத்தில் என் நாற்காலி, அதைச் சுற்றி மட்டும் இரண்டு கஜம் காலி. பிஸ்கட் என்னிடம் வந்தது, நெவில் "மன்னிக்கணும்" என்று அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து அழைத்துக்கொண்டார். வலிக்காமல் இல்லை. இந்த இடம் திறக்க வேண்டும் என்று நான் ஏங்கியது இவர்களோடு உட்காரத்தானே? இப்போது இடம் இருக்கிறது, இவர்கள் இருக்கிறார்கள், நடுவில் நான் தனியாக.

ஆனால் ரோனா என் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கரண்டியை என் முன் நீட்டுவாள். நான் ருசிபார்த்துத் தலையாட்டுவேன், இல்லை கண்ணைச் சிமிட்டுவேன். வாத்துக் குழம்புக்கு இன்னும் கொஞ்சம் ஆப்பிள். புட்டிங் கச்சிதம். ஊருக்கெல்லாம் இன்று பரிமாறியது என் நாக்கு தேர்ந்தது. அதை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நன்றியோடுதான் படுக்கிறேன், அழுதபடி என்றாலும்.

பிப்ரவரி 20, வியாழன்

சளி. தலை கல்லாகக் கனக்கிறது. மத்தியானம் ரோனா கொண்டுவந்த ஏலும் டீயும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. எதுவும் தெரியவில்லை. அவள் பயந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அறுபது பேர், ஏவிஸ்! ஹெய்க் குடும்பத்தோட வரான்!"

"பழகின கைதானே. அளந்து போடு, போனை எடுக்காத" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் உலகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. ரொட்டி, வெண்ணெய், தேன், எல்லாம் வெறும் ஈரமும் உலர்வும். இதோடு மூன்று வருஷம், ஊருக்கே சமைக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்று மணிக்குக் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். பெரில். நனைந்த தலை, கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஏண்டி சொல்லல?"

என்ன நடந்தது என்று அவள் வாயிலிருந்து வாங்க அரை மணி ஆயிற்று, இடையிடையே என்னைத் திட்டினாள். அறுபது தட்டுகளும் போனபிறகு ரோனா நாற்காலிமேல் ஏறி நின்று, கரண்டியால் குவளையைத் தட்டினாளாம். "எனக்கு வாசனை தெரியாது, ருசியும் தெரியாது. மூணு மாசமா உங்களுக்கு ருசிபாத்தது ஏவிஸ். இன்னிக்கு அவங்களுக்கு உடம்பு சரியில்ல. அதனால உங்களைத்தான் கேக்கணும். நீங்க எல்லாரும் அருமைன்னு சொன்னா, நான் இந்த இடத்தை மூடிட்டுப் போறதுக்கு அதுவே போதும்."

"யாரும் மூச்சு விடல" என்றாள் பெரில். "அப்ப யாரு எழுந்தா தெரியுமா? நெவில்! 'மன்னிக்கணும்'ங்கறாரு. 'பட்டாணி… மன்னிக்கணும்… வேகல'ங்கறாரு!"

"நெவிலா?"

"நெவில்! சொல்லிட்டு உக்காந்து முகத்தை மூடிக்கிட்டாரு. ரோனா இறங்கி வந்து அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் பாக்கணுமே, அணை உடைஞ்ச மாதிரி. புட்டிங் இனிப்புன்னு ஒருத்தர், இனிப்பு பத்தலைன்னு ஒருத்தர். ஹெய்க் எழுந்து, ஏல் அருமை, ஆனா பலகையில இருக்கிறது கிடாவே இல்ல, நாய்னு சொல்றான்!"

பிறகு என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி தப்பாகவே போட்டாள். "உனக்கு அட்டைகூட அனுப்பல நான்" என்றாள்.

"தெரியும். எண்ணினேன்."

"என்னை நாலு வார்த்தை திட்டிடு, ஏவிஸ்."

திட்டத் தொண்டை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டும்வரை போகாமல் இருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

நெவில் வந்தார். இருபது நிமிஷத்தில் பதினொரு மன்னிப்பு. கடைசியில், "நான் போட்ட டீ எப்படி இருந்துச்சு, நிஜமாச் சொல்லுங்க" என்றேன். மிகவும் யோசித்து, "தண்ணியா இருந்துச்சு" என்றார். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மார்ச் 28, வெள்ளி

நடை: பப் வரை, நிற்காமல். பயிற்சிப் பெண் இனி எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஹெய்க் ரோனாவுக்கு ஐந்து வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்துவிட்டான். இதைக் கொண்டாடத்தான் இன்று கூட்டம். உள்ளே நுழைந்ததும் சத்தம்தான் முதலில் வந்து மோதியது. ஒரு மேஜையில் கிழங்கு வேகவில்லை என்கிறார்கள், இன்னொன்றில் நேற்றைவிட ஏல் மேல் என்கிறார்கள். ரோனா காதில் பென்சில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாள். இத்தனை புகார் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ருசி பாதிதான் திரும்பியிருக்கிறது. ரோனாவிடம் அதைச் சொன்னேன். "பரவால்ல, வேற நாக்கு ஐம்பது இருக்கு. நீங்க சும்மா வந்து உக்காருங்க" என்றாள்.

எங்கே உட்கார? ஓர் இருக்கை காலியில்லை. கணப்புக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி. நின்றுகொண்டிருந்தபோது ஜன்னலோர பெஞ்சிலிருந்து பெரில் கத்தினாள்: "இங்க வாடி! நெவில், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அட, இன்னும்! மன்னிப்பெல்லாம் அப்புறம் கேக்கலாம், தள்ளுங்க!"

மூன்று பேருக்கான பெஞ்சில் ஐந்து பேர். நாயை எண்ணினால் ஆறு. இரண்டு மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பெரில் பேசும்போதெல்லாம் அவளுடைய முழங்கை என் விலாவில் இடித்தது, புது இடுப்பு மரத்துப்போனது, நெவிலின் ஈரக் கோட்டு என் தோள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"சௌகரியமா இருக்கா, ஏவிஸ்?" என்று பெரில் கேட்டாள்.

ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை நான்.